இங்கு பாயிண்ட் காப்பி எடுக்கப்படமாட்டாது

இனிகோ கடையா? அந்தா, எதிர்ல பச்சை ஷட்டர். இன்னும் திறக்கல. பூசைக்குப் போயிருப்பான், காலையில அவனுக்கு அது ஒண்ணு. வெயில்ல ஏன் நிக்கீங்க, உள்ள வந்து உக்காருங்க தம்பி. நானும் அதே வேலை பாக்கிறவன்தான். போர்டப் பாத்தீங்களா, ஸ்டெல்லா மெரைன் எலக்ட்ரானிக்ஸ். அவன் கடைக்கு முந்தி வந்த கடை இது. அவனே இங்க இருந்து போனவன்தான்.

பையில என்ன, ஜிபிஎஸ் செட்டா? நல்லாத் துண்டு போட்டுச் சுத்தியிருக்கு. ஆனா நீங்க கடல் ஆளு இல்ல, கையப் பாத்தாலே தெரியுதே. மாப்பிள்ளையா? எந்த ஊரு, கோவில்பட்டியா? சரிதான். மாமனார் குடுத்து விட்டிருக்காரு, இனிகோ கையில மட்டும் குடுங்கன்னு. சொன்னாரா இல்லையா? சொல்லியிருப்பாரு. எல்லாரும் அப்படித்தான் சொல்லி விடுதாங்க. பயப்படாதீங்க, உங்க செட்ட நான் தொட மாட்டேன். மடியிலயே வச்சிக்கோங்க. டீ சொல்லுதேன்.

நீங்க போற கடைக்காரன் யாருன்னு தெரிஞ்சிட்டுப் போகணும்லா, அதுக்குச் சொல்லுதேன். துரோகி தம்பி. வாயில விரல வச்சா கடிக்கத் தெரியாதவன் மாதிரி இருப்பான். ஏழெட்டு வருசம் என் பக்கத்துல மேசை போட்டு, என் ஃபேன் காத்துல உக்காந்து, என் முதுகுலயே குத்தினான். இதச் சொன்னா இந்த ஹார்பர்ல ஒரு பயலும் கேக்க மாட்டான். நீங்க வெளியூரு, நீங்களாவது கேளுங்க.

முதல்ல உங்களுக்குப் பாயிண்டுன்னா என்னன்னு தெரியணும். கடல மேல இருந்து பாத்தா எல்லாம் தண்ணிதான். அடியில எங்க பாறை, எங்க சேறு, எங்க மீன் ஒதுங்கும், எங்க வலை கிழியும்னு தெரிஞ்சவன்தான் போட்டுக்காரன். அந்தக் காலத்துல கோயில் கோபுரத்தையும் மலையையும் நேர் பாத்து இடத்தக் கண்டுபிடிச்சாங்க. இப்ப அத்தனையும் இந்த செட்டுக்குள்ள குத்தி வச்சிருக்கு. ஒவ்வொரு இடமும் ஒரு பாயிண்ட். அப்பன் குத்தினது, மகன் குத்தினது, சண்டை போட்டுப் பிரிஞ்ச சித்தப்பன்கிட்ட இருந்து எப்படியோ தெரிஞ்சிக்கிட்டது, எல்லாம். அத ஒருத்தனுக்கும் காட்ட மாட்டாங்க. கூடப் பிறந்தவன் போட்டுல ஏறினாக்கூட துண்ட எடுத்து ஸ்கிரீன் மேல போட்டுருவாங்க. மகளக் குடுப்பாங்க தம்பி, பாயிண்டக் குடுக்க மாட்டாங்க. உங்களுக்குக் குடுத்தாங்களா? சும்மா கேட்டேன், கோவிச்சுக்காதீங்க.

அப்பேர்ப்பட்ட செட்ட ரிப்பேருக்குக் கொண்டாந்து இன்னொருத்தன் கையில குடுக்கான்னா, அவன் மேல எவ்வளவு நம்பிக்கை இருக்கணும்? அதனாலதான் நான் கடை திறந்த அன்னைக்கே அந்தப் போர்ட எழுதி மாட்டினேன். உங்க தலைக்கு மேலதான் இருக்கு, படிங்க. இங்கு பாயிண்ட் காப்பி எடுக்கப்படமாட்டாது. தூத்துக்குடியில இருந்து ஆர்டிஸ்ட வரவச்சு எழுதினது. இந்தக் கடற்கரையில வேற எந்தக் கடையிலயாவது அப்படிப் போர்டு பாத்திருக்கீங்களா? நீங்க எங்க பாத்திருக்கப் போறீங்க.

இப்ப வேலையச் சொல்லுதேன், கேளுங்க. செட்டுக்குள்ள ஒரு புரோகிராம் ஓடும். அது கெட்டுப் போச்சுன்னா செட்டு தன் பேரக் காட்டும், அணையும், மறுபடி பேரக் காட்டும், அணையும். லேப்டாப்புல வயர மாட்டிப் புது புரோகிராம் ஏத்தணும். ஃபிளாஷ் பண்றதுன்னு சொல்லுவோம். அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. அத எழுதினவன் சரியான பயந்தாங்கொள்ளி. ஓரத்துல கட்டம் கட்டமா வச்சிருக்கான். மாடல் சரியான்னு பாக்கவா? கரண்ட் சீரா வருதான்னு பாக்கவா? எழுதுறதுக்கு முந்தி உள்ள இருக்கிறத எடுத்துப் பத்திரமா வைக்கவா? எல்லாக் கட்டத்துலயும் அவனே டிக் போட்டு வச்சிருக்கான், நம்மளக் கேக்காம.

நான் எல்லா டிக்கையும் எடுத்துருவேன். திமிருன்னு நினைக்காதீங்க, காரணம் இருக்கு. மாடல் செக் எதுக்கு? ஸ்டிக்கர் வேற வேற, உள்ள சர்க்யூட் போர்டு எல்லாம் ஒண்ணுதான், அது தெரியாம முரண்டு பிடிக்கும். கரண்ட் செக் எதுக்கு? ஐஸ் பிளான்ட் மோட்டார் போட்டா இந்தத் தெரு பூரா லைட்டு மங்கும். அதப் பாத்துக்கிட்டு இருந்தா ஒரு செட்டும் வெளிய போகாது. அந்த மூணாவது இருக்கே, எடுத்து வைக்கவான்னு கேக்குமே, அது திருட்டு தம்பி. சாஃப்ட்வேரே நம்மளத் திருடச் சொல்லுது. அடுத்தவன் பாயிண்ட என் லேப்டாப்புல எடுத்து வச்சா நான் என்ன மனுசன்? டிக்க எடுத்ததும் அது விடாது, சிவப்புல ஒண்ணு கேக்கும்: பாதுகாப்பு இல்லாமத் தொடரவா, பொறுப்பு உங்களுடையது. நான் ஆமாம்னு அடிப்பேன். பொறுப்பு எடுக்கப் பயந்தவன் கடை வைக்கக் கூடாது.

இனிகோவுக்கு இது பிடிக்காது. ரெண்டு பேரும் ஒரே ஐடிஐல படிச்சவங்க. அவன் வேலை இல்லாம இருந்தப்ப நான்தான் கூப்பிட்டு மேசை போட்டுக் குடுத்தேன். வயர்லெஸ்ஸு, ஆழம் பாக்கிற எக்கோ சவுண்டரு எல்லாம் அவன் பாப்பான். ஃபிளாஷ் பண்றது மட்டும் நான். நான் டிக்க எடுக்கும்போதெல்லாம் அவன் தலையத் தூக்கிப் பாப்பான். அந்தப் பார்வையே எனக்குப் பிடிக்காது.

எங்க அப்பாவும் காலையில வந்துருவாரு. போட்ட வித்துட்டு சும்மா இருக்கிற மனுசன், இந்தா நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே நாற்காலிதான். பேப்பரப் படிச்சுக்கிட்டு இனிகோகூட என்னத்தையாவது பேசிக்கிட்டு இருப்பாரு. என்கூட அவ்வளவு பேச மாட்டாரு. அப்பன் மகன்னா அப்படித்தானே.

நல்லாத்தான் போச்சு கடை. நடுவுல சில செட்டு செத்துப் போகும், இல்லேங்கல. வயசான செட்டு, உப்புக் காத்து, சாகத்தான் செய்யும். அதச் சொன்னா ஒருத்தரும் ஒரு வார்த்தை ஏசினது கிடையாது. 'பரவால்ல வில்பிரட்டு, விடு, வேற செட்டு வாங்கிக்கிடுதேன்'ன்னு போயிருவாங்க. பாயிண்டெல்லாம் போச்சேன்னு நான்தான் அவங்களுக்காக வருத்தப்படுவேன். அவங்க வருத்தப்பட மாட்டாங்க. என் மேல அவ்வளவு மரியாதைன்னு நினைச்சேன். இன்னொண்ணும் கவனிச்சிருக்கேன். செட்டக் கொண்டாறவங்க முக்காவாசிப் பேரு நான் மத்தியானம் சாப்பிடப் போற நேரமாப் பாத்துத்தான் வருவாங்க. நான் திரும்பி வந்தா மேசை மேல வரிசையா இருக்கும். அது ஏன்னு நான் யோசிச்சதே இல்ல. வெள்ளை மனசு தம்பி எனக்கு.

டீயக் குடிங்க, ஆறுது.

கஸ்பார் மாமான்னு ஒரு போட்டுக்காரரு, அவர் கதைக்கு வாரேன். போன வருசம், மீன் பிடிக்கப் போகக் கூடாதுங்கிற தடைக்காலம் முடியப் போற நேரம். அன்னைக்கு அத்தனை போட்டும் கடலுக்குப் போகத் துடிச்சுக்கிட்டு நிக்கும். பெயிண்ட் அடிக்கிறதும், ஐஸ் ஏத்துறதும், வலை பிரிக்கிறதும், ஹார்பரே கல்யாண வீடு மாதிரி இருக்கும். கஸ்பார் மாமா செட்டு அந்த நேரம் பாத்துக் கெட்டுப் போச்சு. பேரக் காட்டுது, அணையுது. அவசரத்துல என் முன்னாடியே கொண்டாந்துட்டாரு. இந்தக் கடற்கரையில அவர் பாயிண்டுக்கு இருக்கிற மதிப்பு வேற யாருதுக்கும் கிடையாது. எல்லாரும் வெறும் வலையோட வந்த நாள்லயும் அவர் போட்டுல மீன் இருக்கும்.

நான் வயர மாட்டினேன். டிக்கெல்லாம் எடுத்தேன். சிவப்புல எழுத்து வந்துது. வழக்கமா வர்றதுதான், இந்தத் தடவ கொஞ்சம் பெருசா வந்துது, மாடல் பொருந்தலன்னு. இனிகோ எந்திரிச்சு வந்துட்டான்.

"வில்பிரட்டு, நில்லு. இது வேற போர்டு. மூடியக் கழத்திப் பாத்துட்டுப் போடு."

"நீ போயி உன் வேலையப் பாருல."

"அஞ்சு நிமிசம்தான். இல்ல, மாமா செட்டுல இருக்கிறதயாவது முதல்ல எடுத்து வச்சிக்கோ."

ஆளு நிக்கும்போதே சொல்லுதான், பாத்தீங்களா? பாயிண்ட் சொந்தக்காரர் பக்கத்துல நிக்கும்போதே! எனக்கு வந்துது பாருங்க ஒரு கோவம். "இது திருட்டுக் கடை இல்லல"ன்னு சொல்லிட்டு ஆமாம்னு அடிச்சேன்.

பாதி வரைக்கும் போச்சு. அப்புறம் நின்னுச்சு. செட்டு செத்துப் போச்சு. சின்ன லைட்டு ஒண்ணு எரியும், அதுவும் எரியல. நானும் வயர மாத்தி, லேப்டாப்ப மாத்தி, என்னென்னவோ பாத்தேன். "மாமா, மெமரி ஏற்கெனவே போயிருந்துது, உங்க செட்டு பழசு"ன்னு சொன்னேன். நீங்க இப்படிப் பாக்காதீங்க. போயிருக்கலாம்லா? போகலன்னு யாரு கண்டா?

கஸ்பார் மாமா முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிருச்சு. கத்துவாரு, சட்டையப் பிடிப்பாருன்னு நினைச்சேன். அவர் என்னப் பாக்கவே இல்ல தம்பி. இனிகோவத்தான் பாத்தாரு.

"ஏல, ஈஸ்டர் முடிஞ்சு எடுத்தியே, அது இருக்குல்லா?"

"இருக்கு மாமா. அதுக்குப் பெறகு தடைக்காலம்தானே, புதுசா ஒண்ணும் குத்தியிருக்க மாட்டீங்க."

"இல்லல. அப்ப ஒண்ணும் போகல."

இவ்வளவுதான் பேச்சு. என் கடையில, என் மேசைக்கு முன்னாடி, நான் ஒருத்தன் நிக்கேன்னே இல்லாம. இனிகோ அலமாரியில இருந்து வேற செட்ட எடுத்தான், எதையோ சொருகினான். கஸ்பார் மாமா கடல் பூரா ஸ்கிரீன்ல வந்து நின்னுச்சு. புள்ளி புள்ளியா. கஸ்பார் மாமா துண்ட எடுத்து மேல போட்டாரு. யார்கிட்ட இருந்து மறைச்சாருன்னு நினைக்கீங்க? என்கிட்ட இருந்து! இனிகோ அந்தத் துண்டுக்கு உள்ள தலைய விட்டு சரி பாத்துக் குடுக்கான். நான் வெளிய நிக்கேன்.

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. என் போர்டுக்குக் கீழயே உக்காந்து இவன் காப்பி எடுத்திருக்கான். "ஏல, வெளிய போ"ன்னு சொன்னேன். ஸ்குரூ டிரைவர், சால்டரிங் அயர்ன், எல்லாத்தையும் ஒரு பையில போட்டுத் தெருவுல வச்சேன். கஸ்பார் மாமாதான் பையத் தூக்கிக்கிட்டு அவன்கூடப் போனாரு.

நான் சும்மா விடுவேனா? நேரா ஹார்பருக்குப் போனேன். வலை பின்னுற இடத்துல நின்னு சத்தமாச் சொன்னேன்: இனிகோ உங்க அத்தனை பேரு பாயிண்டயும் காப்பி எடுத்து வச்சிருக்கான். அடிதடி ஆகும், அவன் கைய ஒடிப்பாங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் எந்திரிக்கல. கைவேலையக்கூட நிறுத்தல. கடைசியில ஒருத்தரு, பேரு வேண்டாம், தலையக் குனிஞ்சுக்கிட்டே சொல்லுதாரு: "தெரியும்டே."

தெரியுமாம்!

டீக்கடையில சொன்னேன், அங்கயும் தெரியும். போட்டுக்காரங்க சங்கத்துக்குப் போனேன். தலைவரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரச் சொன்னாரு. "வில்பிரட்டு, நாங்கதான் குடுத்தோம். அவன் யாருக்கும் காட்ட மாட்டான். எங்களுக்கே இன்னொருத்தன் பாயிண்டக் காட்ட மாட்டான். இருந்துட்டுப் போட்டும்."

"அப்ப எனக்கு ஏன் சொல்லல?"

"நீ சங்கடப்படுவேன்னுதான்."

சங்கடம்! கூடப் பிறந்தவனுக்குக் காட்டாத பாயிண்ட, அத்தனை பேரும் ஒருத்தன் கையில கொண்டு போய்க் குடுத்திருக்காங்க. போர்டு எழுதி மாட்டினவன் நான். டிக்க எடுத்தவன் நான். ஒருத்தனாவது, ஒரே ஒருத்தனாவது, 'வில்பிரட்டு, இத நீ வச்சிரு'ன்னு என்கிட்ட வந்திருக்கானா? கேட்டா நான் எடுத்திருக்க மாட்டேன், அது வேற விசயம். கேட்டிருக்கலாம்லா?

வீட்டுக்குப் போயி என் வீட்டுக்காரி ஜெனோவாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவ சோத்தப் போட்டு வச்சிக்கிட்டு, "முதல்ல கையக் கழுவுங்க"ங்கா. உனக்கும் தெரியுமாடின்னு கேட்டேன். குழம்ப ஊத்துதா.

அப்பா வாசல் முத்தத்துல உக்காந்திருந்தாரு. அவர்கிட்ட நான் கேக்கவே இல்ல தம்பி, அவரா ஆரம்பிச்சாரு. "அவன ஏசாத. நான்தான்டே சொன்னேன்"ங்காரு.

"என்ன சொன்னீங்க?"

"நீ கடை திறந்த புதுசுல ரெண்டு பேரு செட்டு செத்துப் போச்சுலா. அவனுவ உன்னத் தேடி வீட்டுக்கு வந்தானுவ. நீ இல்ல, நான்தான் இருந்தேன். கால்ல விழாத குறையாப் பேசி அனுப்பினேன். மறுநாள் இனிகோகிட்ட போயி, 'எல்லார்கிட்டயும் முதல்ல வாங்கி எடுத்து வச்சிரு, இவனுக்குத் தெரிய வேண்டாம்'னு சொன்னேன். அவன் மாட்டேன்னான். நான் கெஞ்சினேன். பெறகு ஒவ்வொரு போட்டா நானே போயி, 'என் மவன்கிட்டயே குடுங்க, ஒண்ணும் போகாது, இனிகோகிட்ட இருக்கும்'னு சொன்னேன். என் பாயிண்டத்தான் முதல்ல குடுத்தேன், மத்தவனுக்கு நம்பிக்கை வரணும்லா."

"எதுக்கு?"

"உன் கடை நடக்கணும்லாடே."

கேட்டீங்களா? பெத்த அப்பன் பேசுற பேச்சா இது? ஏழெட்டு வருசம் தம்பி. என் கடைக்கு வந்த ஒவ்வொருத்தனும் எங்க அப்பன் வார்த்தைக்கு வந்திருக்கான், இனிகோவ நம்பி வந்திருக்கான். 'பரவால்ல வில்பிரட்டு'ன்னு சொல்லிட்டுப் போனவன் எல்லாம் வெளிய போயி சிரிச்சிருக்கான். சிரிச்சிருப்பான். நான் என்னமோ ராசா மாதிரி நடுவுல உக்காந்திருந்திருக்கேன். வேற ஒருத்தன் குத்தினா அது குத்து, தாங்கிக்கலாம். எங்க அப்பனே ஆள் சேத்துக் குத்தியிருக்காரு. எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சு.

நான் ஒண்ணும் பெருசாச் சொல்லல. "இந்த வீட்டுல துரோகிக்குச் சோறு கிடையாது"ன்னு மட்டும் சொன்னேன். கோவத்துல வர்றதுதானே. போங்கன்னு சொல்லல, அந்த வார்த்தை என் வாயில வரவே இல்ல, ஜெனோவாகிட்ட வேணும்னா கேளுங்க. அவரா எந்திரிச்சாரு. மருந்து டப்பாவையும் கண்ணாடியையும் எடுத்துக்கிட்டாரு. எங்க அக்கா வீடு ரெண்டு தெரு தள்ளி இருக்கு, அங்க போயிட்டாரு. இன்னும் வரல. நானும் கூப்பிடல. தப்புப் பண்ணினவங்கதானே முதல்ல வரணும்?

இனிகோ எதிர்லயே கடை போட்டான். அத்தனை போட்டுக்காரனும் அங்க போயிட்டான். சாஃப்ட்வேர் சொன்னபடியெல்லாம் கேப்பான் அவன், ஒரு டிக்க எடுக்க மாட்டான். ஒரு செட்டுக்கு அரை நாள் ஆகும். அரை நாள்! கடை திறந்ததும் வாசல்ல பெஞ்சு போட்டு உக்காந்து காத்துக் கிடப்பாங்க ஜனங்க. அவசரக்காரங்க யாராவது இந்தப் பக்கம் வருவாங்கன்னு நானும் பாக்கேன். வருவாங்க. தடைக்காலம் முடியட்டும், பாருங்க.

அந்தா, ஷட்டரத் தூக்குதான். நீங்க கிளம்புங்க. டீக்குக் காசெல்லாம் வேண்டாம், வைங்க உள்ள. செட்டு பத்திரம்.

தம்பி, ஒரு நிமிசம். அங்க, அவன்கூட வந்த வயசானவரு ஒருத்தர் அவன் மேசைக்குப் பக்கத்துல பேப்பர விரிச்சுக்கிட்டு உக்காருவாரு. நீங்க இங்க இருந்து எந்திரிச்சு வர்றத அவர் பாத்திருப்பாரு. என் கடைக்கு வேலை ஏதாவது வருதான்னு உங்ககிட்ட கேப்பாரு, யாரு இங்க இருந்து போனாலும் கேக்காராம். மேசை நிறைய செட்டு கிடக்குன்னு சொல்லுங்க. கேட்டா மட்டும் சொல்லுங்க.